காருக்கு அடியில் ஓர் ஈ

"காரைத் தூக்கி நிறுத்துங்க. அடிப்பக்கத்தைப் பார்க்கணும்" என்றேன்.

கூடாரத்தில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றன. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த குழாய் மட்டும் விஷயம் புரியாமல் கொஞ்ச நேரம் சீறிவிட்டு அடங்கியது.

கேட்கவே கூடாது என்று சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். காலையில் எங்கள் துப்பறியும் ஏஜென்சியில் பாஸ் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "யாரை வேணும்னாலும் விசாரி. எந்த மேஜையை வேணும்னாலும் திற. காரோட அடியை மட்டும் காட்டச் சொல்லாதே. ரேஸ்காரங்களுக்கு அது படுக்கையறை மாதிரி."

படுக்கையறையில் திருட்டு என்று புகார் கொடுத்துவிட்டு வராண்டாவை மட்டும் சோதனை போடச் சொன்னால் எப்படி?

"மேடம், என் பின்னாடி வந்து நில்லுங்க" என்று காதருகே முணுமுணுத்தான் பஞ்சர். "ஸ்பானர் பறந்து வந்தா என் மூஞ்சியில படட்டும். இது ஏற்கெனவே நசுங்கினதுதான்."

பஞ்சர் என் உதவியாளன். நாற்பதைத் தாண்டியவன். ஏஜென்சியில் டிரைவராகச் சேர்ந்து, ஒவ்வொரு கேஸுக்கும் வழியில் டயர் வெடித்துத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில் கிடைத்த பெயர். வாய்க்கு மட்டும் இதுவரை பஞ்சர் ஆனதில்லை.

முதலாளி தன் நாற்காலியிலிருந்து எழாமலே பேசினார். லாரி கம்பெனி நடத்திச் சம்பாதித்து, அதை இந்த ஒரு காரில் கொட்டிக்கொண்டிருப்பவர். "அது இங்க வழக்கமில்லைம்மா."

"திருட்டும் வழக்கமில்லைதானே சார்?"

"இவங்களுக்குக் காட்டினா மட்டும் என்ன புரியப் போகுது?" என்றார் பக்கத்தில் நின்றவர். காரை வடிவமைத்தவர். முதலாளியின் மகளைக் கட்டியவர். எதிரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'. கூடாரத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். "டயர் எது, ஸ்டீயரிங் எதுன்னாவது தெரியுமா?"

"ரெண்டும் வட்டமா இருக்கும் சார்" என்றான் பஞ்சர் பணிவாக. "ஆள் கையில இருந்தா ஸ்டீயரிங். ஆள் மேல ஏறினா டயர்."

யாரோ சிரித்தார்கள். டயர் அடுக்கின் மேல் மல்லாந்து படுத்திருந்த ஓட்டுநர்தான். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தான். சிரித்ததும் வலித்து முகம் கோணியது.

"தூக்கிக் காட்டுங்க சார்" என்றான். "என் இடுப்பை ஒடிக்கிறது எதுன்னு நானும் பார்க்கிறேன். நேரா போற ரோட்டுல தவளை மாதிரி குதிக்குது இந்த வண்டி. சீசன் முடியறதுக்குள்ள எனக்கு ஒரு இஞ்ச் உயரம் குறைஞ்சிடும்."

நாளைக்குப் பந்தயம். ஓட்டுநர் கோபித்துக்கொண்டால் வேறு ஆள் இல்லை. முதலாளி கையை அசைத்தார். ஆட்கள் கூடாரத்தின் திரையை இழுத்து மூடிவிட்டு, காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றினார்கள்.

ஒருவர் மட்டுமே உட்காரும் பந்தயக் கார். சக்கரங்கள் நான்கும் உடம்புக்கு வெளியே. மேலே தெரிகிற இறக்கை, மூக்கு, பளபளக்கும் வெள்ளை வண்ணம் எல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு. வேகம் அடியில் இருக்கிறது. 'ஃப்ளோர்' என்கிற அடித்தட்டின் வளைவுகள் காற்றை உறிஞ்சிக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கின்றன. அந்த வளைவு கிடைக்காமல் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பொத்திப் பொத்தி வைப்பதெல்லாம்.

குனிந்து, பிறகு மல்லாந்து, அடியில் நகர்ந்து போனேன். மாப்பிள்ளையின் காலணிகள் என் தலைக்குப் பக்கத்திலேயே கூட வந்தன.

இரண்டு பெரிய வளைவுகள், மழைநீர் ஓடி அரித்த பாறை மாதிரி வழுவழுவென்று. அழகாகத்தான் இருந்தது. இடது பக்க ஓரத்தில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், தட்டின் விளிம்பில் ஒரு வெட்டு. பிறை வடிவம். கை நுழையும் அளவு. விளிம்பை மடித்து, நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். வலது பக்கம் அப்படி எதுவும் இல்லை. வெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடைக்கு அப்பால் வெறும் மூடிய சுவர்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது" என்றார் மாப்பிள்ளை.

கேள்விக்குப் பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் எனக்கு இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

கேஸ் இதுதான். சீசனின் முதல் இரண்டு பந்தயங்களில் இந்த வெள்ளைக் கார் கடைசி வரிசை. மூன்றாவதில் புது அடித்தட்டோடு வந்து இரண்டாம் இடம். மேளதாளம்தான் இல்லை, மற்ற எல்லாம் நடந்தது. நான்காவது பந்தயத்துக்குப் பச்சை அணி ஒரு புது அடித்தட்டோடு வந்தது. அதிலிருந்து ஜெயிப்பது எல்லாம் பச்சை. வெள்ளைக் காரோ கொஞ்சம் மேடுபள்ளமான பாதை வந்தாலே குதிக்க ஆரம்பித்துவிடுகிறது. போன பந்தயத்தில் பச்சைக் கார் சுவரில் மோத, கிரேன் அதைத் தூக்கியபோது ரசிகர் ஒருவர் அடிப்பக்கத்தைப் படம் பிடித்துவிட்டார். அதே வளைவுகள். இடது ஓரத்தில் அதே பிறை வெட்டு.

"பார்த்தியாம்மா, அதைக்கூட விடலை!" என்று முதலாளி அந்தப் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "வரைபடம் வெளியே போகாம இது எப்படி வரும்? வரைபடம் இருந்தது ஒரே ஒரு ஆளோட கம்ப்யூட்டர்ல. வரைபடம் போடற அந்தப் பொண்ணு. சாயங்காலம் பந்தயச் சங்கத்துக்குப் புகார் போகணும். கூடவே உன் ரிப்போர்ட், உன் கையெழுத்தோட."

அந்தப் புகார் போனால் அவளுக்கு இந்த வேலை மட்டுமல்ல, எந்த அணியிலும் வேலை கிடையாது. திருடி என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் எல்லா வாசலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

அவள் அறை அணியின் லாரி ஒன்றின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சட்டம் போட்ட பட்டச் சான்றிதழ்.

"இதை வீட்டுல மாட்டக்கூடாதா?" என்றேன்.

"மாட்டியிருந்தோம்க்கா. சொந்தக்காரங்க யார் வந்தாலும் அதைப் பார்த்துட்டு, எங்க பையனுக்கும் ஒரு வேலை வாங்கிக் குடுன்னு உட்கார்ந்துடறாங்க. அம்மாதான் எடுத்துட்டுப் போயிடுன்னாங்க." சிரிக்க முயன்றாள். தூங்கிப் பல நாளான கண்கள். "நான் யாருக்கும் குடுக்கலைக்கா. குடுத்து எனக்கு என்ன வரப்போகுது?"

"இந்த வெட்டு எதுக்கு?"

நான் நீட்டிய படத்தைப் பார்த்தாள். பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டேன்க்கா. 'காத்து கேக்குது'ன்னார் சார்."

"காத்து வாய்விட்டுக் கேட்டுச்சாமா?" என்றான் பஞ்சர்.

"நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெட்டால உறிஞ்சற பலம் குறையத்தான் செய்யுது. ஆனா சார் சொல்றார்னா ஏதாவது காரணம் இருக்கும்னு..."

அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவளை மட்டுமல்ல. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த அத்தனை பேரையும், என்னையும் சேர்த்து. நம் கணக்கு சரியாக வந்தாலும், எதிரில் இருப்பவர் இங்கிலீஷில் இருமினால்கூட நம் கணக்கைத்தான் அழிப்போம்.

"சார் இந்த ஃப்ளோரை எப்ப வரைஞ்சார்?"

"ரெண்டாவது ரேஸ் முடிஞ்சதும். அது வரைக்கும் ஒண்ணும் வராம ரொம்பக் கஷ்டப்பட்டார். ஒரு நாள் காத்துக் கூடத்துலேர்ந்து வந்தார். உட்கார்ந்து மடமடன்னு கையாலேயே போட்டுக் குடுத்துட்டார். நான் அதைத்தான் அளவு வெச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். எப்பேர்ப்பட்ட மூளைன்னு அன்னிக்கு நினைச்சேன்க்கா."

காற்றுக் கூடம் என்பது ராட்சத விசிறி வைத்த ஒரு நீண்ட அறை. காரின் சின்ன மாதிரியை உள்ளே நிறுத்திக் காற்றை அடித்துப் பார்ப்பார்கள். சொந்தமாகக் கட்டப் பணக்கார அணிகளால்தான் முடியும்.

"அந்தக் கூடம் யாரோடது?"

"வாடகைக்குத்தான். நாங்க ஒரு நாள் எடுத்தா, பச்சைக்காரங்க மறுநாள் எடுப்பாங்க."

வெளியே வந்தோம். பயிற்சி ஓட்டத்துக்கான மணி அடித்தது. வெயில் இல்லை, மழையும் இல்லை. அழுக்கான ஒரு வெளிச்சம். பெட்ரோல் நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஓடுபாதையை ஒட்டிய தடுப்புச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"மேடம், நேத்தும் சாப்பிடலை நீங்க. துப்பறியறதுக்கு முன்னாடி ஒரு பன்னாவது பறிச்சுக்குவோமே?"

"பேசாம பாரு."

வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்தக் கார்களுக்குள் ஸ்டார்ட்டர் கிடையாது, வீண் எடை. வெளியிலிருந்து ஒருவர் நீளமான இரும்புக் கம்பி பொருத்திய மோட்டாரைக் கொண்டுவந்து செருகிச் சுழற்றினால்தான் உயிர் வரும். ஆள் ஒருவர் காரின் வால் பக்கம் மண்டியிட்டுச் செருகினார். இஞ்சின் உறுமியது. கிளம்பியது.

அடுத்து பச்சை. கம்பியோடு வந்தவர் வால் பக்கம் போகவில்லை. இடது பக்கம் வந்தார். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் மண்டியிட்டார். தாழ்வாக, தட்டின் விளிம்புக்குள் கம்பியை விட்டார்.

பிறை வெட்டு இருந்த இடத்தில்.

பஞ்சர் மெதுவாகச் சொன்னான்: "அப்ப நம்ம ஆளோட வெட்டு... கதவே இல்லாத சுவத்துக்குப் படிக்கட்டு கட்டின மாதிரி இல்ல இருக்கு?"

"நீ பள்ளிக்கூடத்துல காப்பி அடிச்சிருக்கியா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? அடிக்காத பாடமே கிடையாது."

"பக்கத்துல இருக்கிறவன் பேப்பர்ல ஒரு ஈ செத்து ஒட்டியிருந்தா, நீயும் ஒரு ஈயைத் தேடி அடிச்சு ஒட்டுவே."

"அதுக்குப் பேர்தானே ஈயடிச்சான் காப்பி." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஆனா மேடம், ஒரு சிக்கல். நம்ம வெள்ளைக் கார் அந்த ஃப்ளோரோட ஓடினது மூணாவது ரேஸ். பச்சை நாலாவது. முதல்ல வந்தவன் எப்படிக் காப்பி அடிச்சிருக்க முடியும்?"

"காப்பி அடிச்சவன்தான் எப்பவும் பேப்பரை முதல்ல குடுத்துட்டு வெளியே போவான். யோசிக்கிற வேலை இல்லையே."

"சரி. அவங்க நம்ம ஃப்ளோரைத் திருடிட்டு, 'அட, சும்மா ஒரு வெட்டு இருக்கே, இதுல கம்பியை விடலாமே'ன்னு மாத்திக்கிட்டாங்கன்னு முதலாளி சொல்வாரே?"

கேள்வி நியாயமானது. பதில் நுழைவாயிலில் இருந்தது. பச்சை அணி தன் போன வருஷத்துக் காரைக் குழந்தைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள நிறுத்தி வைத்திருந்தது. ஒரு சின்னப்பெண் உள்ளே உட்கார்ந்து வாயாலேயே இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சர் கைக்குட்டையைத் தவறவிட்டது போல் குனிந்தான். அதிக நேரம் குனிந்தே இருந்தான்.

"இடது பக்கம்தான் மேடம். கம்பி விடற ஓட்டை அங்கேயேதான் இருக்கு. போன வருஷம் ஃப்ளோர் அகலம் கம்மி, ஓட்டையை மறைக்கலை. இந்த வருஷம் அகலம் பண்ணினதும் மறைச்சிருக்கு. அதான் வெட்டிட்டாங்க." கைக்குட்டையை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நம்ம கேஸ்ல திருடனைக் கண்டுபிடிச்சாச்சு. நமக்குச் சம்பளம் குடுக்கிற வீட்டிலேயே இருக்கான்."

ஓட்டுநரின் இடுப்பும் இப்போது புரிந்தது. அந்த அடித்தட்டு வேறொரு காரின் உயரத்துக்கும் உடம்புக்கும் செய்தது. இரவல் சட்டை எங்கேயாவது பிடிக்கத்தானே செய்யும். குதித்தது கார், ஒடிந்தது அவன்.

முதலாளியின் அறை இன்னொரு லாரிக்குள். சோபா, கோப்பைகள் அடுக்கிய அலமாரி. புதிய கோப்பை எதுவும் இல்லை. மேஜை மேல் என் ரிப்போர்ட் தயாராக இருந்தது. எழுதியது நானில்லை. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சோபாவில். வரைபடப் பெண்ணையும் கூப்பிட்டுக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

நான் உட்காரவில்லை. கம்பியை, வெட்டை, பழைய காரை, பச்சைக்காரர்களின் மாதிரி மாப்பிள்ளையின் கண்ணில் பட்ட காற்றுக் கூடத்தை வரிசையாகச் சொன்னேன். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

முதலாளி கேட்டார்: "இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

அவ்வளவுதான். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும். இது தெரியாதவராக இருந்தால் 'என்ன உளறுறே' என்றிருப்பார். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்திருப்பார். யார்கிட்ட சொன்னே என்று கேட்பவருக்கு விஷயம் பழசு.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"மூணாவது ரேஸ் அன்னிக்கே தெரியும்." அவர் குரலில் கோபம் இல்லை. லாரி ஓட்டிக் களைத்தவர்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "என் பொண்ணு இவரைக் கட்டிக்கிட்டு வந்தப்ப நான்தான் சொன்னேன், மாப்பிள்ளை, நீங்களே காரைப் பண்ணுங்கன்னு. ரெண்டு வருஷமா ஒண்ணும் வரலை. ஊரே சிரிச்சுது. அன்னிக்கு ரெண்டாவதா வந்ததும் வீட்டுல என் பொண்ணு எப்படிச் சிரிச்சா தெரியுமா? பச்சைக்காரன் அடுத்த வாரம் சங்கத்துக்குப் போறான். நாங்க முந்திக்கிட்டா, பறிகொடுத்தவன் நாங்க. பிந்தினா திருடன்."

"அதுக்கு இவளா?"

"சின்னப் பொண்ணும்மா. வேற லைன்ல ஏதாவது பார்த்துக்கும். நானே என் லாரி ஆபீஸ்ல போட்டுத் தரேன். கணக்கு எழுதட்டும்."

"நான் இன்ஜினீயர் சார்" என்றது கதவோரம் ஒரு குரல். அவ்வளவு சன்னமாக இருந்ததால் யாரும் திரும்பவில்லை.

"உங்க பொண்ணு ஒருத்திதான் பொண்ணா? இவ யாரோ ரோட்டுல பெத்துப் போட்டதா?" என்றேன்.

"குரலை உயர்த்தாதே."

"குரல் மட்டும்தான் சார் எங்கிட்ட இருக்கு."

அவர் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். லைன் ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளிருந்து என் பாஸின் குரல் வந்தது.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அடியைப் பார்க்காதேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. படுக்கையறையாம். ரேஸ்காரர்களின் வழக்கமாம். காலையிலேயே அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. துப்பறியும் ஏஜென்சியிலிருந்து எதையும் கண்டுபிடிக்காமல் திரும்பி வரத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் கத்துகிற பெண்ணே கையெழுத்துப் போட்டால் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம் என்று கணக்கு.

"பாஸ், நீங்களே வந்து கையெழுத்துப் போடுங்க."

"நீதானே கேஸ்ல போனவ. போட்டுட்டு வா. அடுத்த மாசம் உனக்குத் தனி ரூம், தனிப் பெயர்ப்பலகை. அதானே கேட்டுட்டிருந்தே?"

ஆமாம், கேட்டேன். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் வலித்தது. அந்த சோபாவில் உட்கார்ந்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு, அப்படியே தூங்கிப்போகலாம் போலிருந்தது. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண். முகத்தில் கண்ணீர் இல்லை. அழக்கூடத் தெம்பில்லாத முகம். "விட்டுடுங்க. நான் போயிடறேன். எனக்காக நீங்க வேலையைக் கெடுத்துக்காதீங்க."

"உனக்காக இல்ல" என்றேன். "நீ போட்ட கணக்கு சரி. அந்த வெட்டு வேண்டாம்னு உன் கணக்கு அன்னிக்கே சொல்லிச்சு. அதை இனிமே யார் சொன்னாலும் அழிக்காதே. எனக்கு அது போதும்."

ரிப்போர்ட்டின் மேல் திறந்து கிடந்த பேனாவை மூடினேன். மாப்பிள்ளை அந்த அறையில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட? ஒரு காகிதம் உண்டா?"

"காகிதம் எதுக்கு சார்? நாளைக்குக் காலையில சங்கத்து ஆளுங்க முன்னாடி ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவேன். உங்க வெட்டுல கம்பியை விட்டு உங்க காரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. நான் வாயை மூடிக்கிறேன்."

போனில் பாஸ் என் பெயரைச் சொல்லி ஏதோ கத்தினார். முதலாளி எழுந்து நின்றுவிட்டார். கதவோரம் நின்ற பெண் நகர்ந்து வழிவிட்டாள். கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று நானும் காத்திருக்கவில்லை.

லாரியின் இரும்புப் படிகளில் இறங்கினேன். பஞ்சர் பின்னாலேயே ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"மேடம், நம்ம வண்டி வலது பக்கம் நிக்குது."

"தெரியும்."

இடது பக்கம், சங்கத்து அதிகாரிகளின் கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதை நோக்கி நடந்தேன்.